கடைசி வரிசையின் மஞ்சள் வெண்டை

"ஏங்க... ஷீட்டை மிதிக்காதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அந்த இளைஞன் ஒற்றைக் காலில் நின்றான். தோளில் குழாய்ச் சுருள், கையில் ஸ்பேனர். பாத்தி முழுக்க வெள்ளி நிற நிலப்போர்வை விரித்திருந்தது. அதன் துளைகளில் முழங்கால் உயரத்துக்கு வெண்டைச் செடிகள்.

"பக்கத்துத் தோட்டத்துக்குக் குழாய் மாட்ட வந்தேங்க. வழி தப்பிடுச்சு."

"வழி தப்பினா கண்ணுமா தப்பிடும்?"

அந்தக் கண்கள் நிமிர்ந்து அவளைப் பார்த்தன. திட்டு வாங்குகிறவனுக்கு இவ்வளவு சிரிப்பு ஆகாது... அவளுக்குக் கோபம் பாதியிலேயே கரைந்தது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

அவன் பார்வை கடைசி வரிசைக்குப் போனது. அங்கே செடிகள் மஞ்சளடித்துக் கிடந்தன.

"குழாய் வழியா உரம் விட்டதும் மோட்டாரை நிறுத்திடுவீங்களா?"

"பின்ன? தண்ணிய மிச்சம் பிடிக்கத்தானே சொட்டுநீர் போட்டிருக்கேன்!"

"உரத்துக்கு அப்புறம் கொஞ்ச நேரம் வெறும் தண்ணி ஓடணுங்க. இல்லன்னா உரம் குழாய்க்குள்ளயே உறைஞ்சு துளைய அடைச்சிடும்."

"எனக்குத் தெரியும்," என்றாள். சத்தியமாகத் தெரியாது.

அவன் உர டிரம்மில் தன் நம்பரை எழுதினான்.

"யாரு கேட்டா?"

"டிரம் கேட்டுச்சு."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் போன பிறகு சிரித்தாள்.

ஆனால் சிரிக்கிற நிலைமையா அது? அன்று காலைதான் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். "ரெண்டு வாரம் பார்ப்பேன். கடைசி வரிசை காய்க்கலன்னா ஷீட்டைச் சுருட்டிடு. நிலத்தை உன் சித்தப்பாவுக்குக் குத்தகைக்கு விட்டுடறேன்." படித்த படிப்பை ஓரங்கட்டிவிட்டு, வீட்டோடு மல்லுக்கட்டி அவள் வாங்கிய அரை ஏக்கர். அது போனால் அவளுக்கென்று எதுவுமில்லை.

மறுநாள் காலை ஒரு குழாயின் முனையிலிருந்த மூடியைக் கழற்றினாள். வெள்ளைக் கூழ் கொழகொழவென்று வழிந்தது. கௌரவமா, வெண்டையா? அரை மணி நேரம் யோசித்து, போனை எடுத்தாள்.

"நான்... டிரம்முக்குச் சொந்தக்காரி பேசறேன்."

அடுத்த பத்தாவது நிமிடம் வந்து நின்றான். சொல்லிக் காட்டவில்லை. அதற்கே அவனுக்கு ஒரு மாலை போடலாம் என்றிருந்தது அவளுக்கு. அடைப்பு கரைய, தண்ணீரில் லேசாக ஆசிட் கலந்து குழாயில் விட்டார்கள், மறுநாள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து கழுவினார்கள். மழை தூறத் தொடங்கியும் இருவரும் எழவில்லை. கடைசித் துளையில் ஒரு சொட்டு திரண்டு... நின்று... விழுந்தது.

"அப்பாடா!" என்று அவள் அவன் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் தெரிந்தது. விட்ட பிறகும் தெரிந்துகொண்டே இருந்தது.

பதின்மூன்றாம் நாள் அப்பா வந்தார். நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். பச்சை பிடித்திருந்த செடியில் ஒரு காயைப் பறித்து நுனியை ஒடித்தார். படக்கென்று ஒடிந்தது. அவள் மூச்சே விடவில்லை.

"அடுத்த வெள்ளாமையும் உன்னோடதுதான்மா," என்றவர், குழாயைச் சோதிக்க வந்திருந்த அவனைப் பார்த்தார். "தம்பிக்கு இனி இங்க வேலை இல்ல போல?"

"இல்லைங்க ஐயா. குழாயெல்லாம் நல்லா ஓடுது."

அப்பா வரப்பில் நடக்கத் தொடங்கினார். அவன் ஸ்பேனரைப் பையில் போட்டான். ஜெயித்தாயிற்று. ஆனால் அவள் அவன் வழியை மறித்து நின்றாள்.

"குழாய் நல்லா இருந்தா வரமாட்டீங்களா?"

"எங்க தொழில்ல ரிப்பேர்னாதாங்க கூப்பிடுவாங்க..."

"நான் ரிப்பேருக்குக் கூப்பிடல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வாழ்க்கை பூராவும் பிடிக்கும்னு தோணுது. போதுமா?"

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டான்.

"நல்லவேளை நீங்க சொன்னீங்க... எனக்குத் தைரியம் வர்றதுக்குள்ள வெண்டை முத்திப் போயிருக்கும்!"

"அப்போ உங்களுக்கும்...?"

"ஒற்றைக் கால்ல நின்னேனே, அன்னைக்கே..."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு இடையே அவன் கண்கள் ஈரமாகச் சிரிப்பது தெரிந்தது.

"அப்பாகிட்ட நாளைக்கே பேசட்டுமா?" என்றான்.

"நாளைக்கு எதுக்கு? இன்னும் வரப்புலதான் போய்ட்டிருக்கார்... ஓடுங்க!"