ஏழாம் குமிழில் குடியிருப்பவர்

நிலவூர்க் கட்டுப்பாட்டு அறையில் அன்று இருந்தவர்கள் மூவர். ஆட்சியர் தில்லைநாயகி திரைக்கு எதிரே; பொறியாளர் மாசிலாமணி அவருக்கு வலப்பக்கம்; பனிச் சுரங்கத்துக்குப் போக வேண்டிய அருளப்பன் கதவோரம், காலியான காற்றுக் கலத்தின் மேல். மூன்றாவது நாற்காலி கிடையாது.

"சுரங்கத்துல ஆறு வருஷம் இருக்கணும்மா!" என்றார் அருளப்பன். "வீட்டுல அடுத்த மாசம் பிரசவம். வேற யாரையாவது அனுப்புங்க."

"ஆணையில உங்க பேரே இல்லையே அண்ணே. குலுக்கல்ல விழுந்தது 'ஏழாம் குமிழில் குடியிருப்பவர்'. அங்க நீங்க இருக்கீங்க. பேர் எழுத ஆரம்பிச்சா வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு வந்துடும். அந்தச் சட்டத்தைக் கொண்டாந்ததே நான்தான். இந்த இடமாத்தம் முடியட்டும், முத்திரை வச்சுடறேன்."

நிலவூரின் குமிழ் வீடுகள் சங்கிலியாக நின்றன. ஒவ்வொரு குமிழுக்கும் அடுத்த குமிழின் முகவரி மட்டுமே தெரியும். காற்றும் நீரும் அவ்வழியே போகும். வெயில் பக்கத்தில் ஒருவரே வேகக் கூடாது என்று ஆண்டுதோறும் இடம் மாற்றுவார்கள். முன்பெல்லாம் குமிழ்களையே கழற்றிக் கோத்தார்கள். சென்ற ஆண்டு ஓர் இணைப்பு தாமதமாகி, இரண்டு வீடுகளில் மூச்சுத் திணறல். அதனால் மாசிலாமணி 'குடிமாற்றி'யைச் செய்தார். அது இணைப்பைத் தொடாது. உள்ளே இருப்பவரை மட்டும் ஒரு குமிழ் தள்ளி வைக்கும்.

"ஒருத்தரைப் பதியறதுக்கு முந்தி, அங்க இருக்கறவரைத் தனியா எடுத்து வச்சுக்கணும். மறந்தோம், ஊர் பூரா ஒரே பேருதான்!" என்று சிரித்தார் மாசிலாமணி.

"போடுங்க," என்றார் தில்லைநாயகி.

பொருள்வண்டிகள் உருண்டன. வீட்டார் அடுத்த கதவுக்கு நடந்தார்கள். பூட்டுகள் புது முகங்களை ஏற்றுக்கொண்டன.

"பாத்தீங்களா? ஒரு குழாயைக்கூடக் கழட்டல!" தில்லைநாயகி கைதட்டிவிட்டு, முத்திரையை எடுத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

எட்டாம் குமிழில் அருளப்பன். ஏழாம் குமிழில், ஆறிலிருந்து வந்த தில்லைநாயகி.

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இன்னும் முத்திரை விழல. இந்த ஒரு தடவை அருளப்பன் பேரைப் போட்டுடலாமே?"

அருளப்பன் எழுந்து நின்றார்.

"பேர் போடலாம்னா, அவர் கேட்டப்பவே வேற பேரைப் போட்டிருக்கலாமே, மாசிலாமணி." தில்லைநாயகி அருளப்பன் பக்கம் திரும்பினார். "எட்டுல வெயில் ஜாஸ்தி அண்ணே. தொட்டிலை வெளிச்சுவர்ப் பக்கம் கட்டாதீங்க."

ஆணையை மடித்து உறையிலிட்டு, மேலே 'ஏழாம் குமிழ்' என்று எழுதி, முத்திரை வைத்து அஞ்சல் குழாயில் போட்டார். ஒன்றாம் குமிழ் அதை வாங்கி இரண்டாவதற்குத் தள்ளியது.