நல்ல கால் சொன்ன பொய்

"ஐயோ...! யாராவது ஓடி வாங்களேன்...!"

காலை ஏழு மணி.

விளையாட்டில் அடிபட்டவர்களுக்கான அந்தச் சிகிச்சை மையத்தைக் கூட்டிப் பெருக்க வரும் அக்கா, வாளியைப் போட்டுவிட்டு அலறினாள்.

மாடிப்படியின் அடியில் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார்.

நெற்றியில் ரத்தம். கழுத்தில் அளவெடுக்கும் டேப். மூடிய கண்கள்!

அந்த மையத்தின் பிசியோதெரபிஸ்ட். நாற்பத்தைந்து வயது. சட்டை போட மறந்தாலும் டேப் மாட்ட மறக்க மாட்டார். அதனால் எல்லோருக்கும் அவர் 'டேப் சார்'.

அவர் தலையின் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளை டவல்கள். இறுகச் சுருட்டி, கழுத்து இம்மியும் அசையாதபடி அணைத்து வைக்கப்பட்டிருந்தன.

*

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது. இரண்டு முழங்காலிலும் வலி. வாசலில் இருந்த நாலு படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்.

பின்னால் கான்ஸ்டபிள். அவருக்கு முன்னால் அவருடைய தொப்பை.

"உசுரு இருக்காய்யா?"

"இருக்கு மேடம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. நினைவு இன்னும் வரலை."

"ஆம்புலன்ஸ்காரர் என்ன சொன்னாரு?"

"டவல் வெச்சவங்களுக்குக் கோயில் கட்டணுமாம் மேடம். தெரியாம யாராவது தூக்கியிருந்தா, கழுத்துக்குக் கீழ ஒண்ணும் வேலை செஞ்சிருக்காதாம்."

இன்ஸ்பெக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களா வெச்சீங்க?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நான் கேட்டைத் திறந்துட்டு உள்ள வந்தேன். சார் இப்படித்தான் கிடந்தாரு."

"டாக்டர்... நீங்க?"

தலைமை டாக்டர் டையைச் சரி செய்துகொண்டார்.

"நான் வந்தே பத்து நிமிஷம்தான் ஆச்சு மேடம்."

நர்ஸ்? இல்லை. வாட்ச்மேன்? இல்லை. ஒருவர்கூட வைக்கவில்லை!

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் காதோரம் குனிந்தார்.

"திருடினவன் ஒளிஞ்சுக்குவான். சரி. நல்லது செஞ்சவங்க ஏன்யா ஒளியணும்?"

"கூச்ச சுபாவமா இருக்கும் மேடம்..."

"தள்ளிவிட்டதும் அதே கையா இருக்கும்!"

கான்ஸ்டபிளின் தொப்பை ஒரு கணம் உள்ளே போய் வெளியே வந்தது.

"இன்னொண்ணு மேடம். அவர் கைக்குள்ள இது இருந்துச்சு."

கிழிந்த காகிதத்தின் மேல் மூலை. அதில் அரை வரி...

'இன்று ஆடினால் இவர் கால்...'

*

ட்ரிங்... ட்ரிங்...!

மேஜை மேல் டேப் சாருடைய செல்போன். இன்ஸ்பெக்டர் எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ சொல்லக்கூட நேரம் இல்லை.

"யோவ் டேப்பு! ராத்திரி சொன்னதுதான்! பாப்பா இன்னைக்கு ஆடுவா! குறுக்க வந்தே... உன் காலை உடைச்சு உன் மெஷின்லயே உக்கார வெச்சுருவேன்!"

"பேசறது யாரு?"

"...நீங்க யாருங்க?"

"போலீஸ்."

டொக்! போன் வைக்கப்பட்டது.

தலைமை டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"அது சிட்டுவோட மாமா மேடம். அவளுக்குக் கோச்சும் அவர்தான். சிட்டு கால்பந்து ஆடற பொண்ணு. பேரு வேற, ஓட்டத்தைப் பார்த்து எல்லாரும் சிட்டுன்னு கூப்பிடறாங்க. இடது முழங்கால்ல தசைநார் அறுந்து, நான்தான் ஆபரேஷன் செஞ்சேன். ஒன்பது மாசம் ஆச்சு. இன்னைக்குப் பத்து மணிக்கு தேசிய அணிக்கான தேர்வு ஆட்டம்."

"அதுல டேப் சாருக்கு என்ன குறுக்கு?"

டாக்டர் மறுபடி டையை இழுத்து விட்டார். சுவரில் அவர் சிரிக்கும் பெரிய படம். கீழே கொட்டை எழுத்தில் 'சீக்கிரம் குணம்! சீக்கிரம் மைதானம்!'

"டாக்டர்... எனக்கு முட்டி வலி. ரொம்ப நேரம் நிக்க முடியாது. சீக்கிரம் சொல்லுங்க."

"ஆபரேஷன் ஆன காலுக்கு எவ்வளவு பலம் வந்திருக்குன்னு மெஷின்ல பார்ப்போம். நாற்காலில உக்காந்து உதைக்கணும். அந்தக் கால் எத்தனை கிலோ தள்ளுது... நல்ல கால் எத்தனை கிலோ தள்ளுது... ரெண்டையும் ஒப்பிடுவோம். தொண்ணூறு சதவீதம் வந்தா பாஸ். வெள்ளிக்கிழமை சிட்டுவுக்கு இடது நாப்பத்து மூணு. வலது நாப்பத்தஞ்சு. தொண்ணூத்தாறு சதவீதம்! சர்டிஃபிகேட் கொடுத்தோம்."

"அப்புறம்?"

"நேத்து டேப் பழைய ஃபைலைத் தேடி எடுத்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி அதே வலது கால் தள்ளினது அறுபது!"

"அறுபது தள்ளின கால் எப்படி நாப்பத்தஞ்சு தள்ளும்?"

"ஒன்பது மாசம் மைதானம் இல்லை. ஓய்வுல நல்ல காலும் இளைச்சுப் போகும். இளைச்ச காலை இளைச்ச காலோட ஒப்பிட்டா, ரெண்டும் சமமாத்தான் தெரியும். பழைய அறுபதோடதான் ஒப்பிடணும்னு புது ஆராய்ச்சி சொல்லுது. அப்படிப் பார்த்தா எழுபத்திரண்டுதான். ஃபெயில்."

"அந்த ஆராய்ச்சியை நீங்க எப்போ படிச்சீங்க?"

டாக்டரின் பார்வை மேஜை இழுப்பறைக்குப் போய் வந்தது.

"...போன வருஷம்."

"போன வருஷம் படிச்சதை இழுப்பறைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, பழைய கணக்குலயே சர்டிஃபிகேட் கொடுத்தீங்க. உங்களை நம்பித்தானே அந்தப் பிள்ளைங்க காலை நீட்டுதுங்க? இன்னைக்கு அவ ஆடினா என்ன ஆகும்?"

"வேகமா திரும்பும்போது... மறுபடி அறுந்துடலாம். அப்புறம் ஆட்டமே கிடையாது."

மணி எட்டே முக்கால்.

அக்கா தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"அம்மா... ஒண்ணு சொல்லலாமா? வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு முன்னாடி சிட்டு பாப்பா ஒத்தைக் கால்ல குதிச்சுக் குதிச்சு மாடி ஏறிச்சு. நாலு மாடி! மூணு தடவை! வேர்த்துக் கொட்டிச்சு. நான்தான் தண்ணி கொடுத்தேன். ஏதோ பயிற்சின்னு நினைச்சேன்."

"எந்தக் கால்ல குதிச்சுது?"

"வலது கால்லம்மா. நல்ல கால்ல."

தலைமை டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வெறும் ஓய்வுன்னு நினைச்சோமே... நல்ல காலை வேணும்னே களைக்க வெச்சிருக்கா!"

"அந்தத் தந்திரம் அவளுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா கை நீட்டினாள். டெஸ்ட் அறையின் கதவில், டேப் சாரே கைப்பட எழுதி ஒட்டிய அறிவிப்பு.

'டெஸ்ட்டுக்கு முன் நல்ல காலில் படி ஏறிக் களைக்க வேண்டாம். முடிவு பொய்யாகிவிடும்.'

கான்ஸ்டபிள் தலையில் அடித்துக்கொண்டார்.

"செய்யாதேன்னு சொல்லி, வழியையும் சொல்லிக் கொடுத்திருக்காரே மனுஷன்!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"இந்த டவல் வைக்கிற வித்தை? அதை யாருக்குச் சொல்லிக் கொடுத்தாரு?"

"தன்கிட்ட வர்ற ஆட்டக்காரங்க எல்லாருக்கும் மேடம். மாசம் ஒரு வகுப்பு எடுப்பான்" என்றார் டாக்டர்.

"கோச்சுகளுக்கு?"

"கூப்பிடுவான். யாரும் வர மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் வாசலுக்குத் திரும்பினார். முட்டி இரண்டும் ஒன்றாக முனகின.

"ஜீப்பை எடுய்யா!"

*

மைதானம். மணி ஒன்பது ஐம்பது.

புல் இன்னும் ஈரமாக இருந்தது. கோட்டுக்கு வெளியே சிட்டு காலுறையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. சிவந்த கண்கள். பக்கத்தில் மாமா... விசிலும் மீசையுமாக.

"பாப்பா... பயப்படாதே. முதல் பத்து நிமிஷம் பாஸ் மட்டும் பண்ணு."

சிட்டு தலையாட்டினாள்.

தூரத்தில் ஜீப் நின்றது.

"மாமனைத் தூக்கிடலாமா மேடம்? போன்லயே காலை உடைப்பேன்னான்!"

"உடைக்கப் போறவன் சொல்லிட்டு உடைப்பானா? யோவ்... நீ ஒரு வேலை செய்யணும்."

"சொல்லுங்க மேடம்."

"அவங்க ரெண்டு பேருக்கு நடுவுல போய் விழு."

"எ... என்னது?"

"மயங்கி விழு. நிஜமா விழற மாதிரி விழு."

"யூனிஃபார்ம் நேத்துதான் துவைச்சது மேடம்..."

"போய்யா!"

கான்ஸ்டபிள் போனார். வேர்வை துடைத்தார். தள்ளாடினார். 'அம்மா' என்று ஒரு குரல் கொடுத்து, புல்லில் தொப்பென்று சாய்ந்தார்!

"அடடே! என்னாச்சுய்யா?"

முதலில் பாய்ந்தவர் மாமாதான். கான்ஸ்டபிளின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்தார். ஒரே தூக்காகத் தூக்கி உட்கார வைக்கப் போனார்...

"தூக்காதீங்க மாமா...!"

சிட்டுவின் அலறல்!

"கழுத்தை அசைக்காதீங்க! விடுங்க!"

ஆட்டக்காரர்களை உள்ளே அழைக்க நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டு போன நேரம். சிட்டு கோட்டைப் பார்க்கவில்லை. நடுவரைப் பார்க்கவில்லை. ஓடி வந்து மண்டியிட்டாள். பையிலிருந்து ஒரு டவல். பக்கத்துப் பெண்ணின் தோளிலிருந்து இன்னொன்று. இரண்டையும் இறுகச் சுருட்டினாள். கான்ஸ்டபிளின் தலைக்கு இரு புறமும் அணைத்து வைத்தாள்.

அப்போதுதான் அவள் மேல் ஒரு நிழல் விழுந்தது.

"காலையில டேப் சாருக்கும் இப்படித்தான் வெச்சியாம்மா?"

சிட்டுவின் கைகள் அப்படியே நின்றன.

மாமாவின் வாயிலிருந்து விசில் நழுவியது.

"பாப்பா...? நீ மைதானத்தைச் சுத்தி ஓடிட்டு வர்றேன்னுதானே போனே?"

"மாமா..." உடைந்து போனாள். "அவர் எனக்காக ஒன்பது மாசம் ஆறரை மணிக்கே வந்து கதவைத் திறந்து வெச்சாரு. எனக்கு எட்டு மணிக்கு வேலைக்குப் போகணும்னு. அண்ணான்னுதான் கூப்பிடுவேன். அவரே என்னை ஆட விடக் கூடாதுன்னு சொன்னதும்... முதுகுல குத்தின மாதிரி இருந்துச்சு. கேட்கத்தான் போனேன். கையில ஒரு லெட்டர் வெச்சிருந்தாரு. 'இதைப் படிம்மா, படிம்மா'ன்னாரு. எனக்குத் தெரியும், ஆட்டத்தை நிறுத்தற லெட்டர்! பிடுங்கினேன். அவர் விடலை. தள்ளினேன்..."

"அப்புறம் ஓடிட்டே."

"ஓடலை! கீழ இறங்கி டவல் வெச்சேன். தலையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அக்கா கேட்டைத் திறக்கற சத்தம் கேட்டதும்தான் பின்கதவு வழியா..." விம்மினாள். "அவர் செத்துட்டாரா?"

"சாகலை. உன் டவல் சாக விடலை. அந்த லெட்டர் எங்க?"

பைக்குள் கசங்கிக் கிடந்தது காகிதம். கிழிந்த மூலையை இன்ஸ்பெக்டர் அதோடு சேர்த்து வைத்தார்.

"நீ படிச்சியா?"

"இல்லை... படிக்க மனசு வரலை."

"இப்போ படி. சத்தமா."

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"'இன்று ஆடினால் இவர் கால் மீண்டும் அறுந்துபோகலாம் என்று நீங்கள் ராத்திரி எழுதியதைப் படித்தோம். ஆட்டம் தொடங்கும் முன் இவராகவே விலகிக் கீழே கையெழுத்திட்டால், நான்கு மாதம் கழித்து இவருக்கு மட்டும் தனித் தேர்வு வைப்போம். அதுவரை இவர் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். தேர்வுக் குழுத் தலைவர்.'"



தன்னை முதுகில் குத்த வந்த கத்தி என்று அவள் நினைத்த காகிதம்... அவளுக்காக ஒரு மனிதர் ராத்திரி முழுக்கப் போராடி வாங்கிய வாழ்க்கை!

"அண்ணா...!"

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆட்டம் ஆரம்பிக்க ஒரு நிமிஷம் இருக்கு. ஆடறியாம்மா, இல்லையா?"

மாமா பேனாவை நீட்டினார்.

"போடு பாப்பா. நான்தான் முட்டாள். அவன் பேசப் பேச நான் போனை வெச்சுட்டேன்."

எழுத ஒரு மேடை வேண்டுமே? கண்ணை இறுக மூடிக் கிடந்த கான்ஸ்டபிளின் தொப்பை மேல் காகிதத்தை விரித்து, சிட்டு கையெழுத்துப் போட்டாள்.

"மேடம்..." தொப்பைக்கு அந்தப் பக்கமிருந்து ஈனக்குரல். "நான் எந்திரிக்கலாமா?"

"கழுத்தை அசைக்காதேய்யா!"

*

மாலை. ஆஸ்பத்திரி.

டேப் சார் கழுத்துப் பட்டையோடு படுத்திருந்தார். வாசலில் சிட்டுவும் மாமாவும். சிட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். நாலு மாடி, மூன்று தடவை உட்பட.

டேப் சார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தார். பட்டை விடவில்லை.

"ரொம்ப வலிக்குதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வலிக்குது மேடம். கழுத்து இல்லை." கண்ணோரம் ஈரம். "வெள்ளிக்கிழமை அந்த ரிசல்ட்டைப் பார்த்துட்டு அவளைவிட அதிகமா துள்ளிக் குதிச்சவன் நான். வீட்டுக்குப் போய் சாமிக்கு விளக்கேத்தினேன். அது அத்தனையும் பொய்யா?"

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

"எப்படி விழுந்தீங்கன்னு எழுதணும். யார் தள்ளினது?"

வாசலில் ஒரு விம்மல்.

"வழுக்கி விழுந்தேன்."

"சார்... அவளே ஒத்துக்கிட்டா."

"நான் ஒத்துக்கலை. என்னை விட்டுட்டு ஓடணும்னு நினைச்சிருந்தா அவளால ஓடியிருக்க முடியும். தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா பாருங்க... அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மீதியைக் கடவுள் மன்னிப்பாரு. நானும் முயற்சி பண்றேன். சிட்டு...!"

"அண்ணா..."

"நாளைக்கு அந்தக் கதவுல இருக்கிற அறிவிப்பைக் கிழிச்சுப் போடு. அடுத்த வகுப்புல டவல் சுருட்ட நீதான் சொல்லிக் கொடுக்கணும். மாமாவையும் கூட்டிட்டு வா. அவருக்குத்தான் முதல்ல தெரியணும்."

மாமா அவசரமாகத் தலையாட்டினார்.

"தலைமை டாக்டர் என்ன பண்றாரு மேடம்?"

"பழைய ஃபைல் அத்தனையும் எடுத்து வெச்சு மறுபடி கணக்குப் போடறாரு. பக்கத்துல கான்ஸ்டபிளை உக்கார வெச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு முட்டியும் மளுக்கென்றன. டேப் சாரின் கை தன்னையறியாமல் கழுத்தில் டேப்பைத் தேடியது.

"மேடம்... உங்களுக்கு எந்தக் கால்ல வலி?"

"ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி வலிக்குது சார். உங்க டாக்டர் கணக்குப்படி நூறு சதவீதம்... எனக்கும் ஒரு சர்டிஃபிகேட் கொடுத்தீங்கன்னா, நாளைக்கே தேசிய அணியில சேர்ந்துடுவேன்!"