இடது பின்சக்கரம்

பிற்பகல் மூன்று மணிக்கு அந்த லாரி என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, எனக்கு முதலில் எட்டியது அதன் வாடைதான். சூடேறிய கியர் ஆயிலும் கருகிய பிரேக் லைனிங்கும் கலந்த வாடை. நம்பரைப் பார்ப்பதற்கு முன்பே அது யாருடைய வண்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓட்டி வந்தவன், இறந்துபோன டிரைவரின் மச்சினன். பக்கத்து இருக்கையிலிருந்து டிரைவரின் மனைவி இறங்கினாள். இடது பின்சக்கரத்தில் ஆயில் கசிகிறது, மூன்று பட்டறையில் காட்டியும் நிற்கவில்லை என்றான் மச்சினன். அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"அவரு உங்க கையைத் தவிர யாரையும் நம்ப மாட்டாருண்ணே. அதான் கடைசில இங்கயே கொண்டுவந்தோம்."

நான் குனிந்து ஸ்பேனர் தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

டிரைவரை நாங்கள் எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவோம். காலி வண்டியைக்கூட விரட்டமாட்டான். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே சக்கரம், இதே கசிவு என்று என்னிடம் வந்தான். சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பைப் பிரித்தேன். ஆயிலை உள்ளேயே நிறுத்திவைக்கும் ரப்பர் சீல் ஓரம் கிழிந்திருந்தது. கைவசம் புதுசு இல்லை. கடைவரை போய்வரச் சோம்பல். பழையதையே துடைத்து, பசை தடவி மாட்டினேன். ஆயிலில் ஊறினால் பிரேக் லைனிங்குக்குப் பிடிப்பு போய்விடும்; அதையும் மாற்றாமல் பெட்ரோல் விட்டுத் துடைத்ததோடு சரி. புது சீல்தானே என்று அவன் கேட்டான். ஆமாம் என்றேன்.

நான்காம் நாள், பாரம் ஏற்றிய வண்டி ஓர் இறக்கத்தில் இடதுபக்கம் பிரேக் பிடிக்காமல், வளைவில் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அவன் பிழைக்கவில்லை; வண்டியை மட்டும் பிறகு சரிசெய்து மச்சினன் ஓட்டுகிறான். விசாரிக்க வந்தவர்களிடம், வேகமாகப் போயிருப்பான் என்று முதலில் சொன்னது நான்தான். ஆமைக்கு றெக்கை முளைத்துவிட்டது என்று டீக்கடையில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

அக்காவும் தம்பியும் எதிரே மர நிழலில் போய் உட்கார்ந்தார்கள். நான் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, பிரேக்குக்குக் காற்று கொண்டுவரும் குழாயைக் கழற்றிவிட்டேன். அச்சின் மேலிருக்கும் மூச்சுத்துளை அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைத் தள்ளும். அது சுத்தமாக இருந்தது. ஆயில் அளவு பார்த்தேன். வெளியே டயர்வரை வழிந்திருந்தும் உள்ளே ஒரு சொட்டுக் குறையவில்லை. ஹப்பையும் டிரம்மையும் இறக்கினேன். சீல் புத்தம் புதுசு. அது உட்காரும் இடத்தில் நகத்தால் கீறிப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை.

கசிவதற்குக் காரணமே இல்லை. ஆனால் லைனிங் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

துணியால் துடைத்தேன். கையை எடுக்கும் முன் மறுபடி ஊறியது.

அப்போது லைனிங் ஒட்டிய பிரேக் ஷூ இரண்டும் மெல்ல விரிந்தன.

சுருங்கின.

மீண்டும் விரிந்தன. மச்சினன் கேபினில் ஏறி விளையாடுகிறான் என்று நினைத்துத் திரும்பினேன். அவன் மர நிழலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். கழற்றிப் போட்ட குழாய் என் காலடியில் கிடந்தது.

ஷூக்கள் விரிந்து சுருங்கின, விரிந்து சுருங்கின, வேகம் கூடிக்கொண்டே போனது. கேபினுக்குள் பிரேக் பெடல் தரையில் போய் மோதும் சத்தம் கேட்டது. உயிர் போகிற அவசரத்தில் ஒருவன் மிதிக்கிற மிதி.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

இருக்கை காலி.

பெடல் மட்டும் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது.

பிறகு அடங்கியது. என் காதருகே கோபமில்லாத, மிகவும் பணிவான ஒரு குரல்:

"புது சீல்தானேண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். கால்கள் தாமாகவே தெருவைக் கடந்து அவள் முன்னால் போய் நின்றன. எல்லாவற்றையும் சொன்னேன். சீல், லைனிங், விசாரணை, டீக்கடைச் சிரிப்பு. அவள் அழவில்லை. என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா அவசரப்பட்டுட்டாருன்னு எட்டு மாசமா புள்ளைங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன்," என்றாள். "நீங்களே வந்து சொல்லுங்க."

புது லைனிங்கும் இன்னொரு புது சீலும் போட்டு முடித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். சின்னவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விசாரித்தவர்களிடமும் எழுதிக் கொடுத்தேன். அதன்பின் டீக்கடைப் பக்கம் நான் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து மச்சினன் போன் செய்தான். என்னோடு பேச அவனுக்கு இஷ்டமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. கசிவு நின்றுவிட்டது என்றான். பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் தணிந்த குரலில். "ஆனா இறக்கத்துல மட்டும், நான் மிதிக்கிறதுக்கு முன்னாடியே பிடிக்குது."