செவ்வாய்க்கிழமை மாத்திரை

ஹெலனின் புடவையில் தங்கையின் ரத்தம் உறைந்திருந்தது.

"மேரியைக் கம்பியால அடிச்சே கொன்னுட்டாங்க மேடம். தண்ணி கேன் போடுற முனியப்பன் சட்டையில ரத்தம் இருந்ததுன்னு போலீஸ் அவனை இழுத்துட்டுப் போயிடுச்சு. அவன் செஞ்சிருக்க மாட்டான்."

பிரேசர் டவுனில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் முன்னாள் இன்ஸ்பெக்டர் சங்கமித்ரா அவளை உட்காரவைத்தார். உதவியாளன் கண்ணா அவசரமாக நோட்டைத் திறந்தான்.

ஆரோக்கியமேரிக்கு மாஸ்ட் செல் நோய். தோல் தடிக்கும், மூச்சு முட்டும், நின்ற இடத்தில் மயங்கி விழுவாள். குறைந்த அளவு ஸ்டீராய்டுதான் இரண்டு வருடமாக அவளை நடமாடவைத்தது. காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை, உடனே காலண்டரில் ஒரு டிக்.

"சனிக்கிழமை டாக்டர் குறைச்சாரு. திங்கள்லேர்ந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். நான்தான் கூடப் போனேன்."

ஜீவனஹள்ளி வீட்டில் காவலர்கள் சங்கமித்ராவுக்கு வழிவிட்டார்கள். சமையலறைச் சுவரில் ரத்தம் கூரைவரை தெறித்திருந்தது. அடுப்பருகே உடைந்த பல் ஒன்று கிடந்தது. மேரியின் கணவன் உதயா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆறு மணிக்கே வேலைக்கு அத்திபெலே பஸ் ஏறிட்டேன். எட்டு மணிக்கு அந்த முனியப்பன் வந்திருக்கான்."

"செவ்வாய்க்கு டிக் இருக்கு மேடம்!" என்றான் கண்ணா. "அட்டையிலயும் மாத்திரை எடுத்திருக்காங்க. ஏழு மணிக்கு உயிரோட இருந்திருக்காங்க."

ரத்தம் தெறித்த சுவரில் தொங்கிய காலண்டரைச் சங்கமித்ரா நெருங்கிப் பார்த்தார். "ஹெலன், இன்னிக்கு மாத்திரை உண்டா?"

ஹெலன் விரல்விட்டு எண்ணினாள். "இல்ல... இன்னிக்கு விடற நாள்."

"பழக்கத்துல போட்டிருக்கலாமே?" என்றான் கண்ணா.

"ரத்தத் துளிக்கு மேல பேனா ஓடியிருக்கு பாரு. ஈரத்துல மை இழுபட்டிருக்கு. அடி விழுந்த பிறகு போட்ட டிக் இது. ஏழு மணிக்கு மேரி உயிரோட இருந்ததாக் காட்டி முனியப்பனுக்கு என்ன லாபம்? ஆறு மணிக்குப் பஸ் ஏறினவருக்குத்தான் அது வேணும். டோஸ் குறைச்சது உங்களுக்குத் தெரியாது, இல்லையா உதயா?"

உதயா ஹெலனை நோக்கி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "ரெண்டு வருஷமா நோய், நோய்! கடைசியில என்னை விட்டுட்டு உன் வீட்டுக்கு வர்றாளாம்!"

ஹெலனின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். கட்டைவிரல்கள் குரல்வளையில் இறங்க, அவளுக்குக் கண் இருண்டது. இழுக்கப் பாய்ந்த கண்ணாவின் மூக்கை உதயாவின் முழங்கை உடைத்தது. மூன்று காவலர்கள் சேர்ந்துதான் அவனைத் தரையில் அமுக்கினார்கள்.

மாலையில் முனியப்பனை விட்டார்கள். உதடு கிழிந்திருந்தது, ஒரு விரல் கோணியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்ற ஹெலனைப் பார்த்து அவன் தயங்கினான்.

"உயிர் இருக்கும்னு நினைச்சுத்தான் தூக்கினேங்க்கா. நாளைக்கு அடக்கத்துக்கு நான் வரலாமா?"

வீங்கிய தொண்டையிலிருந்து ஹெலனுக்குக் குரல் எழவில்லை. அடிபடாத அவன் கையைப் பற்றிக்கொண்டு தலையசைத்தாள்.