லெசுஸ் கண்ட நிறம்

லெசுஸின் இரண்டு கண்களுக்கும் சேர்த்து எட்டுக் கோடி ரூப்பியா. உடம்பும் சிறகும் இலவசம்! ஜகார்த்தாவிலிருந்து வந்த புறா வியாபாரி அப்படித்தான் விலை சொன்னார்.

"முதல்ல பந்தயத்தப் பாருங்க. அப்புறம் விலை பேசலாம்" என்று சிரித்தான் லெசுஸை வளர்க்கும் ஜத்மிகோ. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் பறக்கவிட்டாலும் தன் பெட்டையைக் கண்டுபிடித்து இறங்கும் ஆண்புறா அது. கிளாத்தென் வட்டாரத்தில் அதற்கு ஈடு கிடையாது... அவன் திமிருக்கும்தான்.

திடலில் நான்கு மூங்கில் கம்பங்களுக்கு நடுவே, லெசுஸின் வெள்ளைப் பெட்டையைக் கையில் பிடித்துச் சிறகடிக்க வைத்தபடி நின்றான். பக்கத்தில் போட்டிக்கு நின்றவள், வெனிங். அவள் கையிலும் ஒரு வெள்ளைப் பெட்டை.

வானத்தில் ஒரு புள்ளி... கல்லாய் விழுந்தது... லெசுஸ்! வந்து உட்கார்ந்ததோ வெனிங்கின் கையில்.

திடலே கொல்லென்று சிரித்தது.

"என் புறாவுக்கு என்ன வசியம் வச்சீங்க, ம்பாக்?"

"அதுக்கு ரசனை இருக்கு, மாஸ். நான் என்ன பண்ண?" அக்காவுக்கு ம்பாக், அண்ணனுக்கு மாஸ்; ஜாவாவில் அதுதான் மரியாதை.

மழைக்கு முந்தைய வெளிச்சம் முழுவதும் அவள் கண்களில் இறங்கியிருந்தது... 'சே, புறாவைக் குறை சொல்ல முடியாது' என்றது மனம். வாயோ, "குருட்டுப் புறா!" என்றது. வியாபாரி சட்டென்று பாதி விலைக்கு இறங்கினார். அவமானத்தில், "கொண்டு போங்க" என்று கூண்டை நீட்டினான் ஜத்மிகோ.

வெனிங் குறுக்கே கை வைத்தாள். அவனுடைய பெட்டையை முகர்ந்தாள்.

"இத எதுல குளிப்பாட்டினீங்க?"

"துணி துவைக்கிற தூள்ல... பளிச்சுனு இருக்கட்டுமேன்னு."

"நமக்குத்தான் பளிச்சு! ஊதாவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நிறம் இருக்கு. நமக்குத் தெரியாது, பறவைக்குத் தெரியும். அத வச்சுத்தான் இவன் பொண்டாட்டிய அடையாளம் கண்டான். உங்க தூள் அத மூடிருச்சு. இவனுக்கு அவ யாரோ ஒருத்தி!"

"பெரிய டாக்டர் மாதிரி பேசுறீங்க?"

"மாதிரி இல்ல. யோக்யாகர்த்தா காலேஜ்ல மிருக வைத்தியம் கடைசி வருஷம். இவன் மண்டையில பாதி இடம் கண்ணுக்குத்தான், மாஸ். உங்க மண்டையில முழுசும் வீம்புக்கு. ஒரு வாரம் வெறும் தண்ணியும் வெயிலும் காட்டுங்க."

நன்றி சொல்லாமல் கூண்டைப் பிடுங்கிக்கொண்டு நடந்தான். 'ஒருத்தி சொல்லியா நான் புறா வளர்க்கணும்?' ஆனாலும் தினமும் காலையில் பெட்டைக்குத் தண்ணீர் ஊற்றியது அவன் கைதான்... ஊற்றும்போதெல்லாம் நினைவில் வந்தது அவள்தான்.

அடுத்த ஞாயிறு. தூறல். லெசுஸ் மேகத்தைக் கிழித்து வந்து, தன் பெட்டை மேலேயே இறங்கியது. கைதட்டல் அடங்குவதற்குள் வியாபாரி பத்துக் கோடி என்றார்.

"இது விற்பனைக்கு இல்ல" என்றவன், நேராக வெனிங்கிடம் போனான். இந்தத் திடலில் யார் முன்னாலும் தலை குனியாதவன்.

"குருடன் நான்தான்."

"கடைசி வரிசைக்குக் கேக்கல, மாஸ்."

"குருடன் நான்தான்!" என்று கத்தினான். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி... "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, வெனிங்."

அவள் நிமிர்ந்தே நின்றாள். காது மட்டும் சிவந்தது.

"எனக்கும்தான்... ஆனா அத எங்க அம்மாகிட்ட வந்து சொல்லணும். அவங்க முன்னால இந்த வீம்பு ஒரு நிமிஷம் நிக்காது."

ஜத்மிகோவின் அன்றைய கணக்கு: ஜெயித்தது பந்தயம், தோற்றது திமிர், பாக்கி மாமியார்.