டாக்டர் மரம்

ஜீப் கேட்டுக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. எஞ்சினை அணைத்த பிறகும், மரம் அறுக்க வந்த ரம்பக்காரி இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாசலில் நின்ற மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தம்பியின் மாமனார், கயிற்றுச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இறங்கலாமாம்மா?" என்றார்.

"எத்தனை தடவ இந்த கேட்டுல வந்து நின்னிருக்கோம் மாமா. ஒரு தடவயாவது உள்ள விட்டானா அந்தாளு?"

மாமா கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அந்தாளு என்றால் இந்த வீட்டு டாக்டர். எங்கோ கடல்தாண்டி ஒரு பூங்காவில் பார்த்து ஆசைப்பட்டு, ஒரே ஒரு கன்றைக் கொண்டுவந்து இந்த வாசலில் நட்டவர். முறம் அகலத்துக்கு இலை. மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் ஊதா. வந்தவர் போனவரெல்லாம் சொக்கிப்போனார்கள். குருவிகள் பழத்தைத் தின்று இந்தத் தீவின் மலை முழுக்க விதையைப் போட்டன. அந்த மரத்தின் நிழலில் புல்கூட முளைக்காது. அதன் வேரோ ஆழம் போகாமல் மேலாக்கவே பரவும், மண்ணைப் பிடிக்காது. ஊரே அதை டாக்டர் மரம் என்று சொல்லிக் காறித் துப்பியது. ஒரு மழைக்காலத்தில் சரிவு மொத்தமும் வழுக்கிக்கொண்டு இறங்கி, கீழே இருந்த தம்பியின் வீட்டை மூடியது. தம்பியும் அவன் மனைவியும் உள்ளே இருந்தார்கள். அந்தப் பெண் மாமாவுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பிழைத்த அவர்கள் மகள் பொடிசு இப்போது அத்தை ரம்பக்காரியோடு இருக்கிறாள்.

உடல்கள் கிடைக்கவே இல்லை.

இந்தத் தாய்மரத்தையாவது வெட்டுங்கள் என்று கேட்டு வந்தவளிடம் டாக்டர் கேட் கம்பிக்குப் பின்னால் நின்று சொன்னது இதுதான்: "இவ்வளவு அழகா இருக்கிற ஒண்ண வெட்டச் சொல்ல உனக்கு எப்படிம்மா மனசு வருது?"

அந்த வார்த்தை இன்னும் அவள் நெஞ்சுக்குள் நெருப்புத்துண்டாகக் கிடக்கிறது. இப்போது டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள்தான் மரத்தை வெட்ட ஆள் அனுப்பி வரச் சொன்னாள்.

டாக்டர் மகள் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க," என்று குரலைத் தாழ்த்தினாள். "அதுக்குப் பக்கத்துல நின்னு பேசாதீங்க."

"ஏன்?"

"அப்பா கடைசிக் காலத்துல அதுகிட்டயேதான் பேசிட்டிருந்தார்." மரத்தை ஒருமுறை பார்த்தாள். "இப்ப அது பேசுது."

ரம்பக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. "நாங்க வந்து கதறினப்ப இந்த வீட்டுல யாருக்கும் காது கேக்கல. மரம் பேசறது மட்டும் கேக்குதாக்கும்?"

டாக்டர் மகள் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மரத்தடியில் பகல் பாதியாகிவிட்டது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. தரையில் வெறும் செம்மண், அதன்மேல் புடைத்துக்கொண்டு ஓடும் வேர்கள். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்தப் புழுங்கிய வாடை. அதோடு லேசாக மருந்து நெடி.

மாமா உச்சியில் கயிறு கட்டினார். மரம் வீட்டுப்பக்கம் சாயாமல் சரிவுப்பக்கம் விழ, தூரப் போய் நின்று இழுத்துப் பிடித்தார். ரம்பக்காரி மோட்டார் ரம்பத்தை இழுத்துக் கிளப்பினாள். பல் பதிந்ததும் தம்பி வீட்டு ஓடுகள் மண்ணோடு வந்து குவிந்து கிடந்த காட்சி கண்முன் வந்தது. இன்னும் அழுத்தினாள். ஈரத்தூள் அவள் முகத்தில் அடித்தது. அவள் துடைக்கவில்லை.

பாதி அறுத்திருப்பாள். ரம்பம் நின்றுபோனது.

ரம்பத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். உயிர் வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

காற்றே இல்லை. ஆனால் தலைக்குமேல் இலைகள் மெல்லத் திரும்பின. ஒவ்வொன்றாக. எல்லாம் ஊதாவாயின.

வேருக்கு அடியிலிருந்து வந்தது குரல்.

"அக்கா."

தம்பியின் குரல். பீடி பிடித்துக் கரகரத்த அதே தொண்டை.

"அக்கா, வலிக்குது. வெட்டாத."

ரம்பத்தை வெட்டிலிருந்து உருவினாள். அடுத்த கணம் அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஆத்திரத்தில் ரம்பத்தின் பிடியாலேயே மரத்தை ஓங்கி இடித்தாள்.

"யார்கிட்ட நடிக்கிற? என் தம்பி ஒருநாளும் என்னை அக்கான்னு கூப்பிட்டதில்ல. பொறந்ததுலருந்து குண்டுன்னுதான் கூப்பிடுவான். அவனையும் முழுங்கிட்டு அவன் குரலையும் எடுத்துக்கிட்டியா?"

சத்தம் அடங்கியது. மண் மூச்சுவாங்கியது.

"குண்டு," என்றது.

அந்தப் பெயரைத் தானே சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. அது தம்பியாகவே இருந்தால்?

"குண்டு, இங்க இருட்டா இருக்கு."

அதற்குள் கயிறு தொய்ந்து தரையில் விழுந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். மாமா கயிற்றை விட்டுவிட்டு மரத்தை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். கண் நிலைகுத்தியிருந்தது.

"மாமா, அங்கயே நில்லுங்க. பாதி அறுத்தாச்சு, விழுந்துரும்."

அவர் காதில் விழவில்லை. சரிவுப்பக்க வேர்களுக்கு நடுவே மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார்.

"அப்பா வந்துட்டேண்டா கண்ணு. இதோ, இதோ."

அவளுக்கு வேறு எந்தக் குரலும் கேட்கவில்லை. அவருக்கு மகளின் குரல் கேட்டது.

அடிமரம் மெல்ல நெறிந்தது.

ரம்பத்தை வீசிவிட்டு ஓடினாள். மாமாவின் இடுப்பைக் கட்டி இழுத்தாள். வயதானவர், ஒல்லி. கிணற்று வாளியைப் போலத் தூக்கிவிடலாம். அசையவில்லை. அவர் கை முழங்கைவரை மண்ணுக்குள் இருந்தது. உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. காலை வேரில் உதைத்து ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பின் மொத்த பாரத்தோடும் பின்னால் சாய்ந்தாள். இரண்டு பேரும் உருண்டு போய்ச் சேற்றில் விழுந்தார்கள்.

மரம் விழுந்தது.

அவ்வளவு பெரிய மரம். சத்தமே வரவில்லை.

மாமா எழுந்து உட்கார்ந்து அவளை வெறித்துப் பார்த்தார். "ஏம்மா இழுத்த? கையைப் பிடிச்சிட்டேன். வந்திருப்பா."

அவர் மணிக்கட்டில் விரல் தடங்கள் பதிந்திருந்தன. கன்றிய சிவப்பு இல்லை. ஊதா.

அவள் எழுந்தாள். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்காமலிருக்க வைத்திருந்த விஷமருந்தை, கேன் காலியாகும்வரை அதன்மேல் கொட்டினாள். பிறகு மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள். "உங்கப்பன் அழகு செத்துப்போச்சு. வெளிய வந்து பாரு." கதவு திறக்கவில்லை. தம்பியின் குரலும் அதன்பிறகு வரவில்லை. அதற்காக நிம்மதிப்படுவதா அழுவதா என்று தெரியாமல், வழிநெடுக ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வண்டியை ஓட்டினாள். மாமாவை அவர் வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. கொல்லைப்பக்கம் பொடிசு யாருக்கோ பதில் சொல்வது கேட்டது.

"இதோ வரேன் அத்தை."

கரண்டி கையிலிருந்து நழுவியது. கொல்லைக்கு ஓடினாள். பொடிசு வேலிப்படலைத் திறந்து, ஒரு காலை மேட்டுச் சரிவில் வைத்திருந்தாள். அந்தச் சரிவில் மரம் எதுவும் கிடையாது. புல்தான். இவளைப் பார்த்ததும் குழந்தையின் முகம் குழம்பியது.

"நீங்க மேல நின்னுதானே கூப்பிட்டீங்க?"

ரம்பக்காரி அவளை வாரி இழுத்து நெஞ்சோடு அணைத்து வாயைப் பொத்தினாள். மேட்டில் புல் அசையவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து அவளுடைய குரலே வந்தது, மத்தியானம் மரத்தடியில் கத்திய கோபம் கொஞ்சமும் குறையாமல்.

"விடு அவளை."