முந்நூற்றுப் பன்னிரண்டு மணப்பெண்கள்

தொலைபேசி அலறியது.

காலை பத்து மணி. கல்முனையில் பெண்களுக்கு மட்டுமான தன் கல்யாண ஸ்டுடியோவைத் திறந்த கையோடு ஸுலைஹா அதை எடுத்தாள். தெரியாத இலக்கம். இயந்திரத்தில் போட்டு அரைத்த மாதிரி ஒரு குரல்…

"உங்கட கொம்பியூட்டரப் பூட்டிட்டம். முன்னூத்திப் பன்னிரண்டு பொண்ணுகள்ற படம் எங்களிட்ட இரிக்கி. பின்னேரம் ஆறு மணிக்குள்ள அஞ்சு லட்சம். இல்லாட்டி எல்லாம் பேஸ்புக்கில."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஓடிப்போய்க் கணினியைத் தட்டினாள். ஒரு படமும் திறக்கவில்லை. பக்கத்தில் கொழுவியிருந்த பேக்கப் பெட்டியும் அப்படியே!

முக்காடில்லாமல், தோழிகளோடு வாய்விட்டுச் சிரித்தபடி… ஸுலைஹாவை மட்டும் நம்பி நின்ற பெண்கள். ஒரு படம் வெளியே போனாலும் எத்தனை வீட்டில் இடி விழும்?

யார்?

அவளைத் தவிர, கணினியின் கடவுச்சொல் தெரிந்தவர்கள் இருவர்தான். ஒருவன், கணினிகளைப் பராமரிக்கும் ஹாதிக். மற்றவள், அல்பம் வடிவமைக்கும் யதுசா. ஆலையடிவேம்பிலிருந்து மூன்று வருடமாக வந்து போகிறாள்.

யதுசா…

கொஞ்ச நாளாகவே அவள் போக்கு சரியில்லை. வீட்டுக்குப் போகும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

ஸுலைஹா பொலிஸை அழைத்தாள். சாதாரண உடையில் ஒரு பெண் பொலிஸ் பின்வாசலால் வந்து, உடைமாற்றும் அறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். பிறகு ஹாதிக்குக்கு அழைப்பு. கணினி வேலை செய்யவில்லை, வந்து பார் என்று மட்டும் சொன்னாள் ஸுலைஹா.

கால் மணித்தியாலத்தில் வந்தான். விசைப்பலகையைத் தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ராத்தா… சொல்லக் கூடாது. ஆனா அந்த யதுசாட பேக்க ஒருக்காப் பாருங்க."

ஸுலைஹாவின் சந்தேகத்துக்கு அவன் நெய் வார்த்தான்.

அந்த நேரம் யதுசா உள்ளே வந்தாள். ஸுலைஹா பையை வாங்கிக் கொட்டினாள். சாப்பாட்டுப் பெட்டி, குடை… துணியில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்!

யதுசாவின் முகம் வெளிறியது.

"நான் களவெடுக்கல்ல, அக்கா. அந்த பேக்கப் எந்நேரமும் கொம்பியூட்டரோட கொழுவித்தான் கிடக்கு. இதுக்கு வைரஸ் வந்தா அதுக்கும் வரும். அதான் ஒவ்வொரு நாளும் ஒரு பிரதி எடுத்துக் கழட்டி வெச்சன். படம் வெளியால போகப்படா எண்டு நீங்க ஏசுவீங்க… அதுக்குப் பயந்து சொல்லல்ல."

ஒவ்வொரு அல்பத்துக்கும் தனிப் பூட்டு போட்டிருப்பதாகவும், கணினியிலிருந்து யார் அள்ளிக்கொண்டு போனாலும் ஒரு முகமும் தெரியாது என்றும் சொன்னாள்.

ஹாதிக் சிரித்தான். ஆனால் நெற்றியில் வியர்வை.

"நல்ல கதை. இதெல்லாம் நம்பாதிங்க ராத்தா. பேசாம ஆறு மணிக்குள்ள காசக் குடுத்து மானத்தக் காப்பாத்துங்க."

ஸுலைஹா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஹாதிக்… கொம்பியூட்டர் வேலை செய்யல்ல எண்டுதானே நான் சொன்னன். காசு, ஆறு மணி… உங்களுக்கு ஆர் சொன்னது?"

இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் ஆறு மணிதான் சொல்வார்கள் என்று உளறினான். கை சட்டைப் பையிலிருந்த தொலைபேசிக்குப் போனது. கால் வாசலுக்குப் போனது.

திரை விலகியது.

பெண் பொலிஸ் இரண்டே எட்டில் வந்து தொலைபேசியைப் பறித்தாள். குரலை மாற்றும் செயலி அதில் இன்னும் திறந்தே கிடந்தது. புது சிம்மிலிருந்து காலை பத்து மணிக்கு ஸுலைஹாவின் இலக்கத்துக்கு எடுத்த அழைப்பும் இருந்தது.

யதுசா தன் டிஸ்க்கைத் தொற்றில்லாத மடிக்கணினியில் கொழுவினாள். பூட்டைத் திறந்தாள். போன வாரத்து மணப்பெண் ஒருத்தி திரை நிறையச் சிரித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் பத்திரம்!

ஸுலைஹாவுக்கு யதுசாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"உன்னப் பிடிக்கத்தான் பொலிஸக் கூப்பிட்டன், யதுசா. என்ன மன்னிச்சிக்க."

யதுசா கண்ணைத் துடைத்தாள். ஹாதிக்கின் கையில் விலங்கு 'கிளிக்' என்று விழுவதைப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் இஞ்ச பொண்ணுகளுக்குத்தான் காப்புப் போட்டுப் படம் எடுத்தம்… இண்டைக்குத்தான் ஒரு மாப்பிள்ளைக்கு. கமராவ எடுக்கட்டா, அக்கா?"